பழைய பிக்கப்புக்குப் பின் ஆக்ஸில் வாங்குகிறீர்களா? முதலில் பல்லை எண்ணுங்கள்

பெங்களூரு சிவாஜிநகரில் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் குஜிரிக் கடைகளில் பின் ஆக்ஸில் (பின்சக்கரங்களைத் தாங்கிச் சுற்றவைக்கும் அச்சு) தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது துருவை, அப்புறம் விலையை. உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலில் எத்தனை பல், அதைச் சுற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனில் எத்தனை பல் என்று கேட்கிறவர்கள் குறைவு. வண்டி எப்படி ஓடப்போகிறது என்பதை முடிவு செய்வதோ அதுதான்.

கியர்பாக்ஸிலிருந்து பின்னால் வரும் நீளத் தண்டான புரோப்பெல்லர் ஷாஃப்ட் பினியனைச் சுற்றுகிறது, பினியன் பெரிய கிரவுன் வீலைச் சுற்றுகிறது. கிரவுனில் 41 பல், பினியனில் 10 என்றால் ரேஷியோ 4.1, அதாவது ஷாஃப்ட் 4.1 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும், வேகம் குறைகிற அளவுக்கு முறுக்குவிசை கூடும். கிருஷ்ணகிரியிலிருந்து மாங்காய் ஏற்றிவரும் வண்டி பெங்களூரு வந்து சேர்வதற்குள் ஏறக்குறைய 400 மீட்டர் உயரம் ஏறுகிறது, அங்கே இது கைகொடுக்கும். அதைக் கழற்றிவிட்டு 41-க்கு 11 பல் உள்ளதை, அதாவது 3.73-ஐ, மாட்டினால் காலி வண்டி ஹைவேயில் சுகமாகப் போகும், லோடு ஏற்றினால் ஏற்றத்துக்கு ஏற்றம் கியரைக் குறைக்க வேண்டியிருக்கும். ஸ்பீடோமீட்டரும் கெட்டுப்போகும். பழைய வண்டிகளில் பெரும்பாலும் அதன் கேபிள் கியர்பாக்ஸின் பின்முனையிலிருந்து வருவதால் அது எண்ணுவது ஷாஃப்டின் சுற்றை. நீங்கள் 60-ல் போய்க்கொண்டிருப்பீர்கள், முள் 55-ஐக்கூடத் தொடாது. முன்சக்கரமும் இழுக்கிற 4x4 வண்டி என்றால் முன்னும் பின்னும் ஒரே ரேஷியோ இருந்தே ஆகவேண்டும்.

கடைக்காரர் சொல்லும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், அங்கேயே சோதிக்கலாம். ஒரு பக்க பிரேக் டிரம்மை (சக்கரம் மாட்டும் இடம்) அசையாமல் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். அதற்குள் பினியன் ஃபிளாஞ்ச் (ஷாஃப்ட் வந்து மாட்டும் தட்டு) எத்தனை தடவை சுற்றுகிறதோ அதுதான் ரேஷியோ.

ஏன் இரண்டு சுற்று? அங்கேதான் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியலின் வேலை தெரிகிறது. ஓசூர் ரோட்டில் யு-டர்ன் அடிக்கும்போது வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடுகிறது. சக்கரங்களுக்கு இடையே 1.4 மீட்டர் என்றால் வித்தியாசம் 4.4 மீட்டர், வளைவு சின்னதோ பெரியதோ, இந்தக் கணக்கு மாறாது. இரண்டையும் ஒரே கம்பியில் பிணைத்தால் டயர் தேயும். அதனால் கிரவுன் வீலோடு சுற்றும் கூண்டுக்குள் சின்னப் பல்சக்கரங்கள் இருக்கின்றன, கூண்டின் சுற்று எப்போதும் இரு சக்கரங்களின் சராசரி. ஒன்று பூஜ்யம், மற்றது இரண்டு என்றால் சராசரி ஒன்று. அவ்வளவுதான்.

மாட்டும்போது பலர் விட்டுவிடுவது பினியனின் சாய்வை. ஷாஃப்டின் இரு முனையிலும் உள்ள மடங்கும் மூட்டான கிராஸ் ஜாயின்ட், சாய்வில் ஓடும்போது ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடிக் குறையும். முன்னதன் ஆட்டத்தைப் பின்னது சரிக்கட்ட இரு சாய்வும் சமமாக இருக்க வேண்டும். வேறு வண்டியின் ஆக்ஸிலில் கமான்பட்டை (ஸ்பிரிங் பட்டை) உட்காரும் இடம் வேறு கோணத்தில் வெல்டாகியிருந்தால் ஓட்டத்தில் தரை அதிரும். பட்டையை ஆக்ஸிலோடு பிணைக்கும் யு-போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் போகாது, பட்டைக்கு அடியில் இரும்பு ஆப்பு வைத்துக் கோணத்தைத் திருத்த வேண்டும்.

கிரவுன்-பினியனின் ஹைபாய்ட் (வளைவாக வெட்டிய) பற்கள் உருள்வதோடு ஒன்றன்மேல் ஒன்று சறுக்கவும் செய்வதால் அதிக அழுத்தம் தாங்கும் ஜிஎல்-5 கியர் ஆயிலே ஊற்றுங்கள். பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் அளவையும் பழையதோடு ஒப்பிட்டுவிடுங்கள், அது பெரிதாக இருந்தால் காலி வண்டியில் பின்சக்கரம் சட்டென்று லாக் ஆகும்.