சட்டசபை கலைப்பு: 1935 சட்டம் ஆளுநருக்குக் கொடுத்த அதிகாரம்

இன்று சட்டசபையைக் கலைக்க முதல்வர் பரிந்துரைப்பார், ஆளுநர் கையெழுத்திடுவார், அப்புறம் தேர்தல் வரும். வெள்ளைக்காரர் ஆட்சியின் கடைசிக் காலத்தில் நடைமுறை வேறு. 1935 இந்திய அரசாங்கச் சட்டப்படி மாகாணச் சட்டசபையின் ஆயுள் 5 ஆண்டு. அதற்கு முன்பே கலைப்பதா வேண்டாமா என்பதை 62-ஆம் பிரிவு ஆளுநரின் விருப்பத்துக்கே விட்டிருந்தது. மந்திரிசபை சொல்வதை அவர் கேட்டாக வேண்டிய கட்டாயம் இல்லை. மேலவைக்குக் கலைப்பே கிடையாது.

ஆனால் கொங்கு மக்களைப் பாதித்தது, கலைக்காமலே வைத்திருக்கும் அதிகாரம்தான்.

1937 தேர்தலில் சென்னை மாகாணத்தின் 215 இடங்களில் 159 காங்கிரசுக்குக் கிடைத்தது. சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி மாகாணப் பிரதமர் ஆனார் (இன்றைய முதல்வர் பதவிக்கு அப்போது அதுதான் பெயர்). குமாரமங்கலம் ஜமீன்தார் சுப்பராயன் மந்திரி. அந்த அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு. நாமக்கல், திருச்செங்கோடு எல்லாம் அப்போது சேலம் மாவட்டம்தான். அங்கேயும் கள்ளுக்கடைகளை மூடினார்கள்.

1939-ல் இந்தியர்களைக் கேட்காமலே நாட்டைப் போரில் இறக்கியதை எதிர்த்து, அக்டோபர் கடைசியில் மந்திரிசபை விலகியது. ஆளுநர் எர்ஸ்கின் பிரபு 93-ஆம் பிரிவைக் கையில் எடுத்தார். சட்டப்படி ஆட்சி நடத்த வழியில்லை என்று அறிவித்துவிட்டால், சட்டசபையின் அதிகாரத்தையும் ஆளுநரே எடுத்துக்கொள்ள அது இடம் கொடுத்தது. கலைத்தால் தேர்தல் வைக்க வேண்டும். வைத்தால் காங்கிரஸ்தான் திரும்பி வரும். ஆக, சபை பேருக்கு இருந்தது, கூடவில்லை.

விளைவு சேலத்திலேயே தெரிந்தது. சட்டசபை கொண்டுவந்த மதுவிலக்கை, போர் நடக்கும்போதே ஆளுநரும் அவருடைய ஆலோசகர்களும் நிறுத்திவைத்தார்கள். மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர்கூட அதற்குக் கை தூக்கவில்லை. இது பெரிய அநியாயம். ஓட்டுப்போட மறுபடி வாய்ப்பு வந்தது 1946-ல். நடுவில் 9 வருடம் போய்விட்டது.

டெல்லியிலும் இதே கதை. திருப்பூர் அவினாசிலிங்கம் செட்டியார் உறுப்பினராக இருந்த மத்திய சட்டசபைக்கு ஆயுள் 3 ஆண்டுதான். 1934-ல் தேர்தல் நடந்த அந்தச் சபையை நீட்டித்துக்கொண்டே போய் 1945-ல்தான் கலைத்தார்கள்.

93-ஆம் பிரிவின் வாரிசுதான் இன்றைய அரசியல் சட்டத்தின் 356-ஆவது பிரிவு. இப்போது கடிவாளம் இருக்கிறது. குடியரசுத் தலைவர் ஆட்சிக்கு 2 மாதத்துக்குள் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். அது கிடைக்கும்வரை சபையை முடக்கி வைக்கலாமே தவிர கலைக்கக் கூடாது என்று 1994-ல், கர்நாடக முன்னாள் முதல்வர் எஸ்.ஆர். பொம்மை தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒப்புதல் கிடைக்காவிட்டால் முடங்கிய சபைக்கு மறுபடி உயிர் வரும்.