கையெழுத்து இல்லாத உடன்படிக்கைகள்

பகை நாடுகள் வெளியே முறைத்துக்கொண்டே உள்ளுக்குள் ஒத்துழைப்பது உண்டு. அதற்கு நட்பு வேண்டியதில்லை. இருவரும் அஞ்சுகிற ஆபத்து ஒன்று இருந்தால் போதும். பெரும்பாலும் அது, சண்டை கைமீறிப் போய்விடுமோ என்ற அச்சம்தான்.

வட கொரியாவும் சீனாவும் ஒருபுறம், அமெரிக்கா மறுபுறம் நின்ற கொரியப் போரில் 1950 நவம்பர் முதல் சோவியத் தயாரிப்பான மிக்-15 போர் விமானங்கள் களமிறங்கின. அவற்றில் இருந்தவை சீன, வட கொரியக் குறிகள். ஓட்டியவர்களில் பலர் சோவியத் விமானிகள். வானொலியில் ரஷ்ய மொழி பேசக் கூடாது, கடலுக்கு மேலே பறக்கக் கூடாது என்று அவர்களுக்குக் கண்டிப்பான உத்தரவு. விமானம் விழுந்தால் எதிரியிடம் சிக்கிவிடக் கூடாதே! ஆனால் உயிர் போகிற நேரத்தில் தாய்மொழிதானே வாயில் வரும்? ஒட்டுக்கேட்ட அமெரிக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இருந்தும் வாஷிங்டன் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால், சோவியத் யூனியனோடு நேரடியாக மோதச் சொல்லி உள்நாட்டில் எழும் குரலை அடக்குவது பெரும்பாடாகியிருக்கும். மாஸ்கோ மறைத்தது, அந்த மறைப்பை வாஷிங்டனும் சேர்ந்து காத்தது. உட்கார்ந்து பேசி எடுத்த முடிவல்ல இது. ஒருவர் அடக்கிவாசிப்பதைப் பார்த்து மற்றவரும் அடக்கிவாசித்தார்.

பேசி முடித்தாலும் எழுதிக்கொள்ளாத பேரங்கள் வேறு வகை. 1962 அக்டோபர் 27 இரவு, கியூபாவில் சோவியத் யூனியன் அணு ஏவுகணைகளை வைத்ததால் எழுந்த நெருக்கடியின் உச்சத்தில், அமெரிக்க அதிபர் ஜான் கென்னடியின் தம்பி ராபர்ட் கென்னடி சோவியத் தூதர் டோப்ரினினைச் சந்தித்தார். கியூபாவிலிருந்து சோவியத் ஏவுகணைகள் போனால், துருக்கியில் உள்ள அமெரிக்காவின் ஜூப்பிட்டர் அணு ஏவுகணைகளும் நான்கைந்து மாதங்களில் அகற்றப்படும், ஆனால் வெளியே தெரியக் கூடாது என்றார். இரண்டு நாள் கழித்து, அந்த வாக்குறுதியைக் குறிப்பிட்டு சோவியத் தலைவர் குருஷேவ் எழுதிய கடிதத்தோடு டோப்ரினின் வந்தார். மறுநாளே ராபர்ட் கென்னடி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கொடுத்த வாக்கிலிருந்து அவர் பின்வாங்கவில்லை. அது தாளில் இருக்கக் கூடாது என்பதுதான் அவர் கவலை. 1963 ஏப்ரலுக்குள் துருக்கியிலிருந்து ஏவுகணைகள் போய்விட்டன.

எழுத்தில் இல்லாததை யார் நம்புவார்கள்? இங்கே நம்பிக்கைக்கு வேலையே இல்லை. ஏவுகணை போனதா இல்லையா என்று மாஸ்கோவால் கண்காணிக்க முடியும். வாக்கு பொய்த்தால் ரகசியத்தை உடைத்து அதிபர் கென்னடியைச் சங்கடத்தில் தள்ளவும் முடியும். விட்டுக்கொடுத்தவர் சொந்த மக்கள் முன் தோற்றவராகத் தெரியாததால்தான் விட்டுக்கொடுப்பதே சாத்தியமாகிறது. ஆனால் இதற்கு விலையும் உண்டு. தன் மண்ணில் இருந்த ஆயுதங்களை வைத்து நடந்த பேரம் துருக்கிக்குச் சொல்லப்படவில்லை. போரைத் தடுத்தது என்பதற்காக அதைச் சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இந்த வழக்கம் பனிப்போரோடு முடியவில்லை. சிரிய வானில் தங்கள் விமானங்கள் மோதிக்கொள்ளாமல் இருக்க 2015 அக்டோபரில் அமெரிக்காவும் ரஷ்யாவும் ஒரு புரிந்துணர்வு ஆவணத்தில் கையெழுத்திட்டன. இங்கே கையெழுத்து இருந்தது, ஆனால் ரஷ்யா கேட்டுக்கொண்டதால் அதன் வாசகம் வெளியிடப்படவில்லை. 2017 ஏப்ரலில் சிரியாவின் ஷைராத் விமானத் தளத்தின் மீது 59 ஏவுகணைகளை ஏவுவதற்கு முன், மோதலைத் தவிர்க்க இரு படைகளுக்கும் இடையே இருந்த தொடர்பு வழியாகத்தான் அமெரிக்கா ரஷ்யப் படையினருக்குத் தகவல் சொன்னது.