கலப்புத் தொகுதியில் நாக்கு ஏன் அடங்குகிறது?

ஓட்டுகளை எண்ணி முடித்த கையோடு, ஓட்டுப்போட்ட அதே பள்ளி வகுப்பறையில் ஒரு தாளை நிரப்புவார்கள். மலேசியாவில் அதற்குப் பெயர் போராங் 14. வாக்குச்சாவடித் தலைவர் கையெழுத்துப் போட, காலையிலிருந்து அங்கேயே உட்கார்ந்து வேட்பாளர்களுக்காகக் கண்காணிக்கும் பாக்கா முகவர்களுக்கு ஆளுக்கொரு பிரதி கிடைக்கும். யாருக்கு எத்தனை ஓட்டு, எத்தனை செல்லாதவை, அவ்வளவுதான் அதில் இருக்கும். ஆனால் மிதவாதம், அதாவது இனத்தைத் தூண்டாத பேச்சு, எங்கே விலைபோகிறது, எங்கே விலைபோகவில்லை என்று கண்ணால் பார்க்க விரும்புகிறவர் மேடைப் பேச்சை விட்டுவிட்டு இந்தத் தாளைத்தான் விரிக்க வேண்டும்.

காரணம், போராங் 14 தொகுதிக்கு ஒன்று அல்ல, சாலுரானுக்கு, அதாவது வாக்குச்சாவடிக்குள் பிரித்த ஒவ்வொரு வாக்காளர் வரிசைக்கும், ஒன்று. ஒரு பள்ளியில் நாலைந்து சாலுரான் இருக்கும். ஒவ்வொன்றிலும் சில நூறு பேர். வயது வரிசையில் பிரித்திருப்பார்கள்: முதல் சாலுரானில் தாத்தா பாட்டிகள், கடைசியில் 18 வயது முடிந்த பிள்ளைகள். எந்தத் தாமான் (குடியிருப்பு)காரருக்கு எந்தப் பள்ளி என்பதும் ஊரறிந்தது. தனி ஆளின் ஓட்டு ரகசியமாகவே இருக்க, ஒரு குடியிருப்பின் போக்கும் ஒரு தலைமுறையின் போக்கும் மட்டும் வெளியே தெரிந்துவிடும்.

இதைப் படிப்பதில் புதியவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரு சாலுரானில் 70 விழுக்காடு மலாய்க்காரர், ஒரு வேட்பாளருக்கு 70 விழுக்காடு ஓட்டு என்றதும், ‘மலாய்க்காரர் மொத்தமும் அவருக்கே’ என்று எழுதிவிடுவார்கள். மலாய்க்காரரில் 60 பேரும் மற்றவர்களில் 93 பேரும், நூற்றுக்கு இந்தக் கணக்கில், அவருக்குப் போட்டிருந்தாலும் ஏறக்குறைய அதே 70 தான் வரும். வெவ்வேறு கலப்புள்ள சாலுரான்களை வரிசையாக வைத்து, கலப்பு மாற மாற ஓட்டு எப்படிச் சரிகிறது என்று பார்த்தால்தான் ஓரளவு உண்மை பிடிபடும்.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு கற்பனைத் தொகுதி. விழுந்த ஓட்டு 40,000. மலாய்க்காரர் 24,000, சீனர் இந்தியர் முதலானோர் 16,000. அமாட், புவாங் என்ற இருவர் மட்டுமே களத்தில், இருவருமே மலாய்க்காரர். அமாட்டுக்கு மலாய் ஓட்டு 13,000, மற்றவர் ஓட்டு 7,000. புவாங்குக்கு 11,000, 9,000. இருவரும் 20,000-இல் சமமாக நிற்கிறார்கள்.

அமாட் ஒரு நாள் காரசாரமாக இனம் பேசுகிறார். 1,000 மலாய் ஓட்டு புவாங்கிடமிருந்து அவர் பக்கம் வருகிறது. ஆனால் மற்ற இனத்தவரில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 2,000 பேர், முகம் திருப்பி எதிர்ப்பக்கம் போகிறார்கள். அமாட் 19,000, புவாங் 21,000. பேச்சு அவருக்கு 2,000 ஓட்டுத் தோல்வியை வாங்கித் தந்தது.

அதே பேச்சை, அதே விகிதத்தில், இன்னொரு தொகுதிக்குக் கொண்டுபோங்கள். இங்கே மலாய்க்காரர் 36,000, மற்றவர் 4,000. தொடக்கத்தில் இங்கேயும் இருவரும் சமம். மலாய் ஓட்டில் 1,500 கூடும். மற்றவரில் எட்டில் ஒன்று என்றால் 500 தான் கழியும். அமாட் 21,000, புவாங் 19,000. ஆள் மாறவில்லை, மனசும் மாறவில்லை. அங்கே 2,000-இல் கவிழ்த்த பேச்சு இங்கே 2,000-இல் தூக்கிவிட்டது. இனத்தை மாற்றிப் போட்டாலும், ஏறக்குறைய முழுக்கச் சீனர் வாழும் நகரத் தொகுதி ஒன்றை எடுத்தாலும், கணக்கு இதேதான்.

2022 பொதுத்தேர்தலில் பினாங்கின் 13 நாடாளுமன்றத் தொகுதிகளில் 10 பல இனத்தவரும் உள்ள பக்காத்தான் ஹராப்பான் கூட்டணிக்கும் 3 மலாய்க் கட்சிகள் முன்னிற்கும் பெரிக்காத்தான் நேஷனல் கூட்டணிக்கும் போயின. அந்த மூன்று, பெருநிலப் பக்கத்திலுள்ள கெப்பாளா பத்தாஸ், தாசெக் குளுகோர், பெர்மாத்தாங் பாவ். மூன்றிலும் மலாய் வாக்காளர் பெரும்பான்மை அழுத்தமானது. கலப்பு கூடுதலான பாலிக் பூலாவும் நிபோங் திபாலும் மற்றப் பக்கம் நின்றன. எந்தக் கூட்டணி நல்லது என்ற தீர்ப்பு இதில் இல்லை. எல்லைக்கோடு எங்கே விழுகிறதோ அதைப் பொறுத்து, எந்த மாதிரிப் பேச்சு செல்லுபடியாகும் என்பதும் மாறுகிறது. தொகுதிச் சீரமைப்பை வரைபட வேலை என்று ஒதுக்குகிறவர்கள் இந்த இடத்தைத்தான் கவனிக்கத் தவறுகிறார்கள்.

இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்த்த ஊர் கோலாலம்பூர். 1952 பிப்ரவரியில் நடந்த நகராட்சித் தேர்தலில் 12 இடங்கள். மலாய்க்காரர் கட்சியான அம்னோவை விட்டு விலகிய அதன் முன்னாள் தலைவர் ஓன் ஜாபார், எல்லா இனத்தவருக்கும் கதவைத் திறந்த மலாயா சுதந்திரக் கட்சியோடு வந்தார்; இந்தியர் கட்சியான ம.இ.கா.வும் அப்போது அவர் பக்கம். கொள்கையைக் கேட்டால் அதுதான் மிதவாதக் கட்சி. ஆனால் அம்னோவும் சீனர் கட்சியான ம.சீ.ச.வும், தனித்தனி இனக் கட்சிகளாகவே இருந்துகொண்டு, ஒருவர் நிற்கும் இடத்தில் மற்றவர் நிற்பதில்லை என்று உள்ளூர் அளவில் பேசி முடித்தன. முடிவு: இந்தக் கூட்டுக்கு 9 இடம், ஓன் ஜாபார் கட்சிக்கு 2, சுயேச்சைக்கு 1. கொள்கைக்காரர்களுக்கு இன்றும் கசக்கிற முடிவு இது.

1955-இல் அதே கூட்டு ம.இ.கா.வையும் சேர்த்துக்கொண்டு நாடு முழுக்கப் போட்டியிட்டது. அப்போது வாக்காளரில் ஏறத்தாழ 84 விழுக்காடு மலாய்க்காரர். இருந்தும் 52 வேட்பாளரில் 15 பேர் ம.சீ.ச., 2 பேர் ம.இ.கா. இடம் விட்டுக்கொடுத்தார்கள் என்று பள்ளிப் பாடம் சொல்லும். தாராள மனசு மட்டும் இல்லை. பதிலுக்கு வரப்போகும் ஓட்டையும் சுதந்திரப் பேச்சுவார்த்தையையும் எண்ணித்தான் கொடுத்தார்கள். 51 இடம் வந்தது. போன ஒரே இடம் பேராக்கின் கிரியான்.

நாக்கை அடக்கும் இந்தப் பொறி பழுதாவதும் இந்தக் கணக்கு வழியாகவே. முதல் பழுது மும்முனைப் போட்டி. மேலே தோற்ற அமாட்டையே எடுங்கள். மூன்றாவதாக ஒருவர் குதித்து, மீதி 26,000 ஓட்டும் ஆளுக்கு 13,000 என்று பிளந்தால், தன் 14,000 மலாய் ஓட்டை மட்டும் வைத்துக்கொண்டு, அடுத்த இனத்தான் ஒருவன்கூடப் போடாமல் அமாட் ஜெயித்துவிடுவார். பிறகு அவர் ஏன் நாக்கை அடக்க வேண்டும்? 2022-இல் நாடு முழுக்கப் பெரும்பாலும் பலமுனைப் போட்டிதான். நாடாளுமன்றத்தின் 222 இடங்களில் பக்காத்தான் 82, பெரிக்காத்தான் 74, அம்னோ தலைமையிலான தேசிய முன்னணி 30. ஆட்சிக்கு வேண்டியது 112. பக்காத்தானும் தேசிய முன்னணியும் கைகோத்த பேரம் தேர்தலுக்குப் பின்னால் நடந்தது.

பின்னால் நடக்கும் பேரத்தில் இரண்டாவது பழுது ஒளிந்திருக்கிறது: கசிவு. தலைவர்கள் கைகுலுக்கினாலும், நேற்றுவரை திட்டிய சின்னத்துக்குப் புள்ளடி போடத் தொண்டனுக்குக் கை வராது. 2023 ஆகஸ்டில் பினாங்கு மாநிலத் தேர்தலில் இந்தப் புதுக் கூட்டு 40-இல் 29 இடம் எடுத்தது. அதில் தேசிய முன்னணி நின்ற 6 இடத்தில் வந்தவை 2. கசிவை அளக்கவும் போராங் 14 தான்: அதே பள்ளி, அதே சாலுரான், இரண்டு தேர்தல் தாளையும் பக்கத்தில் வைத்து, முன்பு இரண்டு கட்சிக்கும் தனித்தனியாக விழுந்ததைக் கூட்டி, இப்போது விழுந்ததோடு ஒப்பிட வேண்டும். ஓட்டுப்போட வராதவர்களைக் கழிக்க மறந்தால் கசிவு பெரிதாகத் தெரியும்.

மண்டைக்குள் நடப்பதைப் பற்றியும் கொஞ்சம். நம்மவர்கள் பலர் மிதவாதத்தைப் புத்திமதியால் வளர்க்கலாம் என்று நம்புகிறார்கள். 2013-இல் அமெரிக்காவில் ஒரு சோதனை. ஒரு திட்டத்தை எவ்வளவு ஆதரிக்கிறாய் என்று கேட்டுவிட்டு, ‘ஏன்’ என்று கேட்காமல், ‘அது எப்படி வேலை செய்யும், படிப்படியாகச் சொல்’ என்று கேட்டார்கள். பலருக்குப் பாதியிலேயே கதை நின்றது. நிலைப்பாடும் இளகியது என்றார்கள். 2021-இல் வந்த மறுசோதனைகளில் பாதிதான் தேறியது: ‘எனக்கு நன்றாக விளங்கும்’ என்ற எண்ணம் குறைந்தது, நிலைப்பாடு இளகவில்லை.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாமாக் கடை (தமிழ் முஸ்லிம் உணவகம்) மேசையில் இதைச் செய்து பார்ப்பதற்கு டீசல் நல்ல சரக்கு. 2024 ஜூன் 10-இல் தீபகற்பத்தில் லிட்டர் 2 வெள்ளி (ரிங்கிட்) 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. ‘சரியா தப்பா’ என்று கேட்டால் தே தாரிக் (பால் தேநீர்) ஆறும்வரை கட்சிச் சண்டைதான் நடக்கும். அதற்குப் பதிலாக, ‘அண்ணே, சாமான் ஏற்றும் லாரிக்குப் பழைய விலை உண்டாமே, பங்க்கில் எப்படிப் பிரித்து ஊற்றுகிறான்?’ என்று கேளுங்கள். பழைய விலையில் ஊற்ற லாரிக்குக் கொடுக்கும் ஃப்லீட் கார்டு, யாருக்கு அது கிடைக்கும், சபா சரவாக்கில் ஏன் விலை ஏறவில்லை, கார்டு இல்லாத சின்ன லாரிக்காரன் கூடுதல் செலவை யார் தலையில் வைப்பான் என்று ஒவ்வொன்றாக வரும். மூன்றாவது நாலாவது கேள்வியில் இந்தச் சங்கிலியின் ஏதோ ஒரு கண்ணி இருவருக்குமே தெரியாமல் நிற்கும். அண்ணன் கட்சி மாற மாட்டார். குரல் மட்டும் கொஞ்சம் இறங்கும். ‘அந்தக் கார்டு விஷயம் யாருக்காவது தெரியுமா’ என்று பக்கத்து மேசை லாரிக்காரரைக் கூப்பிடுவார்.