இன்டிஃபரன்ட்: அலட்சியத்தில் அடங்காத சொல்

'இன்டிஃபரன்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியைப் புரட்டினால் 'அக்கறையற்ற' என்று இருக்கும். செய்தியில் வரும்போது அதுவே பெரும்பாலும் 'அலட்சியம்' ஆகிவிடுகிறது. சில இடங்களில் இவை பொருந்தும், சில இடங்களில் காலை வாரிவிடும். ஒருவர் 'இன்டிஃபரன்ட் ஹெல்த்'தில் இருக்கிறார் என்றால் உடம்பைக் கவனிக்காதவர் என்று பொருளில்லை. உடம்பு சுமாராக இருக்கிறது, அவ்வளவுதான். 'இன்டிஃபரன்ட் குக்' என்பவரும் அப்படித்தான். அக்கறையோடுதான் சமைப்பார், சாப்பாடு சுமாராக இருக்கும்.

ஒரே சொல்லுக்குள் 'அக்கறையில்லை'யும் 'சுமா'ரும் எப்படி ஒண்டிக்கொண்டன? லத்தீனில் 'ஃபெர்ரே' என்றால் சுமந்து செல்லுதல். 'டிஸ்' சேர்ந்து 'டிஃபெர்ரே' ஆனால் பிரித்துக் கொண்டுபோதல், அதாவது வேறுபடுதல். முன்னால் 'இன்' என்ற எதிர்மறை. ஆக, வேறுபாடு இல்லாதது. நம் பேச்சில் 'எனக்கு எல்லாம் ஒண்ணுதான்' என்கிறோமே, அதுதான் இதன் அடிப்பொருள்.

இந்த லத்தீன் சொல்லே ஒரு மொழிபெயர்ப்புத் தேவைக்குக் கைகொடுத்ததுதான். பழைய கிரேக்கத்தில் தோன்றிய ஸ்டோயிக் என்ற தத்துவப் பள்ளிக்காரர்களின் 'அடியாஃபொரோன்' என்ற கிரேக்கச் சொல்லை லத்தீனில் எப்படிச் சொல்வது என்று யோசித்த ரோமானிய அறிஞர் சிசெரோ, கி.மு. 45இல் எழுதிய தத்துவ நூலில் 'இன்டிஃபரென்ஸ்' என்று வைத்தார். அறம் ஒன்றே நன்மை, மறம் ஒன்றே தீமை, செல்வமும் நோயும் புகழும் சாவும் இந்த இரண்டிலும் சேராதவை என்பது ஸ்டோயிக் கொள்கை. அந்தச் சேராதவற்றுக்குத்தான் இந்தப் பெயர். முதலில் இது பொருளின் தன்மையைச் சொன்னது, மனிதரின் மனநிலையை அல்ல.

ஆங்கிலத்துக்குள் 14ஆம் நூற்றாண்டில் வந்தபோது இது பாராட்டுச் சொல். பாரபட்சம் பார்க்காதவர்தான் இன்டிஃபரன்ட். 1662ஆம் ஆண்டு இங்கிலாந்துத் திருச்சபையின் பொது வழிபாட்டு நூலில், அதிகாரத்தில் இருப்பவர்கள் 'இன்டிஃபரன்ட்லி' நீதி வழங்க வேண்டும் என்று ஒரு மன்றாட்டு உண்டு. இன்றைக்குப் படித்தால் ஏனோதானோவென்று தீர்ப்புச் சொல்லச் சொல்வதுபோல் இருக்கும். அமெரிக்கப் பதிப்பில் பின்னாளில் அந்த இடத்தில் 'இம்பார்ஷியலி', அதாவது பாரபட்சமின்றி, என்று மாற்றிவிட்டார்கள்.

சரிவு இரண்டு பக்கமாக நடந்தது. எந்தப் பக்கமும் சாயாதவர் மெல்ல, எந்தப் பக்கமும் ஆர்வமில்லாதவர் ஆனார், பிறகு எதையும் கண்டுகொள்ளாதவர் ஆனார். பொருளைப் பொறுத்தவரை நல்லதுமில்லை கெட்டதுமில்லை என்பது சுமாராகி, கடைசியில் 'அவ்வளவு நன்றாக இல்லை' என்பதற்கு நாகரிகப் பூச்சாக நின்றது. ஷேக்ஸ்பியரின் ஹேம்லெட் தன்னை 'இன்டிஃபரன்ட் ஆனஸ்ட்' என்று சொல்லிக்கொள்வதற்கு, ஏதோ ஓரளவு யோக்கியன் என்றே பொருள்.

இதே வழுக்கல் நம் பக்கமும் நடந்திருப்பதுதான் வேடிக்கை. 'உதாசீன' என்றால் வடமொழியில் விலகி அமர்ந்திருப்பவர். அர்த்தசாஸ்திரத்தில் உதாசீனன் என்பவன், மோதும் அரசர்களின் வட்டத்துக்கு வெளியே நிற்கும் வலிமையான அரசன். கீதையின் 12ஆம் அத்தியாயத்தில் இறைவனுக்குப் பிடித்த பக்தனின் குணங்களில் ஒன்று. தமிழில் வந்திறங்கியதும் 'என்னை உதாசீனப்படுத்திட்டான்' என்ற மனக்குறைக்குத்தான் அது பயன்படுகிறது. இந்தியில் 'உதாஸ்' சோகமாகவே ஆகிவிட்டது.

தனித்தமிழில் தேடினால் 'நொதுமல்' கிடைக்கும். திருக்குறளின் 'நடுவு நிலைமை' அதிகாரத்துக்கு முன்னுரை எழுதும் உரையாசிரியர் பரிமேலழகர் பகை, நொதுமல், நண்பு என்று மூன்றாகப் பிரிக்கிறார். பகையுமில்லை, நட்புமில்லை, அயல். அகப்பாடல்களில் தலைவியைப் பெண் கேட்டு வரும் வேற்றார் நொதுமலர். அழகான சொல். ஆனால் இன்றைய வாசகரிடம் கொடுத்தால் பக்கத்திலேயே ஒரு விளக்கமும் கொடுக்க வேண்டியிருக்கும்.

எனக்கு இதைவிடப் பிடித்தது வள்ளுவரின் 'பொதுநோக்கு'. 'பொதுநோக்கான் வேந்தன் வரிசையா நோக்கின்' என்ற 528ஆம் குறளில், எல்லோரையும் ஒரே மாதிரிப் பார்க்காமல் அவரவர் தகுதிக்கேற்பப் பார்க்கும் அரசன் வருகிறான். 'ஏதிலார் போலப் பொதுநோக்கு நோக்குதல் காதலார் கண்ணே உள' என்ற 1099ஆம் குறளில், முன்பின் தெரியாதவர்போல் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது காதலர்களின் வேலை என்கிறார். வேறுபாடு காட்டாத பார்வை, யாரோ எவரோ என்ற பார்வை: 'இன்டிஃபரன்ட்' நெடுங்காலம் அலைந்து சேர்த்த இரண்டு பொருளும் ஒரே தமிழ்ச் சொல்லில், அதுவும் ஒரே நூலில்.

நம் பாடநூல்காரர்களும் இந்த வழியில்தான் போயிருக்கிறார்கள். 1881இல் எட்ஜ்வொர்த் என்ற பொருளியலாளர் பொருளியலுக்குக் கொண்டுவந்த 'இன்டிஃபரன்ஸ் கர்வ்' தமிழில் 'சமநோக்கு வளைகோடு'. நாலு இட்லி ஒரு வடை, இரண்டு இட்லி இரண்டு வடை என்ற இரண்டு தட்டும் ஒருவருக்கு ஒரே அளவு திருப்தி தந்தால், இரண்டும் ஒரே வளைகோட்டில் கிடக்கும். அங்கே போய் 'அலட்சிய வளைகோடு' என்று வைக்காத புண்ணியவானுக்கு ஒரு கும்பிடு.

அக்கறையின்மை என்ற பொருளில் வரும்போதும் ஒரே சொல்லைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. அலட்சியத்தில் ஒரு திமிர் இருக்கிறது. 'என்னை ஒரு லட்சியமே பண்ணலை' என்று கோபப்படுபவர், எதிராளி தன்னை மட்டமாக நினைத்தார் என்றே சொல்கிறார். 'இன்டிஃபரன்ட்'டில் அந்த மட்டம்தட்டல் கட்டாயமில்லை. புறக்கணிப்பு இன்னும் தூரம். அது தெரிந்தெடுத்த முடிவு. தேர்தலைப் புறக்கணிக்கும் ஊருக்கு ரோடு மேல் எவ்வளவு அக்கறை! அதிகாரிகளைப் பற்றி எழுதினால் மெத்தனம், செய்த வேலையைப் பற்றி என்றால் ஏனோதானோ. பார்க்க வேண்டிய உறவுக்காரர் பார்க்காமல் இருந்தால் பாராமுகம். அது அந்நியருக்குப் பொருந்தாது. பொதுவாக ஒன்று வேண்டுமென்றால் 'கண்டுகொள்ளாமை' என் தேர்வு. இகழ்ச்சியும் இல்லை, புகழ்ச்சியும் இல்லை.

சட்டச் செய்தியில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். டெக்சாஸ் கைதி ஒருவர் தனக்குச் சரியான சிகிச்சை தரவில்லை என்று தொடுத்த வழக்கில், 1976இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 'டெலிபரட் இன்டிஃபரன்ஸ்' என்ற அளவுகோலை வைத்தது. கைதியின் கடுமையான மருத்துவத் தேவையைச் சிறை நிர்வாகம் தெரிந்தே கண்டுகொள்ளாமல் விட்டால் அரசமைப்பு மீறல். மருத்துவரின் கவனக்குறைவு மட்டும் அந்த மீறல் ஆகாது. இரண்டையும் 'அலட்சியம்' என்றே எழுதினால் தீர்ப்பே புரியாது. முன்னதற்குத் 'தெரிந்தே கண்டுகொள்ளாமை', பின்னதற்குக் 'கவனக்குறைவு' என்று போடலாம்.