எலி மருந்து தின்ற நாய் இரண்டு மூன்று நாள் நன்றாகத்தான் இருக்கும்

நெல்லுச் சாக்குகளுக்கிடையே எலி மருந்து வைத்து நாலைந்து நாள் கழித்து வீட்டு நாய் சுருண்டு படுக்கும். முரசு (பல் ஈறு) வெளிறியிருக்கும், மூக்கால் இரத்தம் வடியும். "நேற்றுவரைக்கும் நல்லாத்தானே திரிஞ்சது" என்பார்கள். உண்மைதான். இந்த மருந்து வேலை செய்வதே அப்படித்தான்.

கடைகளில் நீலம், பச்சை, சிவப்பு மெழுகுக் கட்டிகளாகக் கிடைக்கும் புரோமாடியோலோன், புரோடிஃபாகம் இரண்டும் இரத்தத்தை உறையவிடாதவை. விற்றமின் கே-யை மீண்டும் மீண்டும் புதுப்பித்துத்தான் ஈரல், இரத்தத்தை உறையவைக்கும் உறைதற் காரணிகளை ஆக்குகிறது. மருந்து அந்தப் புதுப்பித்தலை நிறுத்திவிடும். உடம்பில் ஏற்கெனவே உள்ள காரணிகள் தீரும்வரை வெளியே ஒரு குறியும் தெரியாது. கசிவு தொடங்க இரண்டு முதல் ஐந்து நாள் செல்லும். எதைத் தின்று செத்தது என்று மற்ற எலிகளுக்குப் பிடிபடாது, அதனால் தயங்காமல் வந்து தின்னும். எலியை ஏமாற்றும் அதே தாமதம் வீட்டுக்காரரையும் ஏமாற்றுகிறது.

இந்தக் கட்டிகளில் மருந்து பெரும்பாலும் 0.005 சதவீதம், அதாவது கிலோவுக்கு 50 மில்லிகிராம். 250 கிராம் எலியைக் கொல்ல புரோடிஃபாகம் கட்டியில் ஒன்றரை கிராம் அளவே போதும். ஆனால் எலி அதோடு நிற்பதில்லை. சாகும்வரை தின்றுகொண்டேயிருந்து, தேவைக்குப் பல மடங்கு மருந்தை ஈரலில் சுமக்கும். அந்த எலியைப் பிடிப்பது பூனையும் வயலில் இரவெல்லாம் எலி வேட்டையாடும் கூகையும். அவற்றின் ஈரலிலும் அது மாதக்கணக்கில் தங்கும். ஆகவே வாளிக்கணக்கில் கொட்டுவது வீண் வேலை. ஒருமுறை வைத்து, ஒரு கிழமை விட்டு, தின்று தீர்ந்த இடத்தில் மட்டும் மறுபடி வையுங்கள்.

சிரட்டையில் கருவாட்டுத் தூளோடு பிசைந்து திறந்தவெளியில் வைப்பதுதான் நாம் காணும் பெரிய தவறு. எலிக்கு முன் கோழியும் நாயும் அங்கே போய்விடும். மூன்று அங்குலப் பிவிசி குழாயில் இரண்டடித் துண்டு வெட்டி, நடுவில் கட்டியைக் கம்பியால் கட்டி, சுவரோரமாகக் கிடத்துங்கள். எலி சுவரை ஒட்டியே ஓடும். புதுப் பொருளைக் கண்டு சில நாள் ஒதுங்கும், அதற்காக இடம் மாற்றாதீர்கள். கார்த்திகை, மார்கழி மழையில் தானிய மருந்து பூஞ்சணம் பிடிக்கும். அப்போது மெழுகுக் கட்டியே நல்லது.

மட்டக்களப்பின் படுவான்கரை, அம்பாறையின் சம்மாந்துறைப் பக்க வயல்களில் மாலையில் வரம்பு வளைகளை மண்ணால் அடைத்து, காலையில் திறந்திருப்பவற்றுக்குள் மட்டும் மருந்து போட வேண்டும். வேளாண்மை (நெற்பயிர்) குடலைக்கு வருமுன், அதாவது தண்டுக்குள் கதிர் திரளுமுன், செய்யுங்கள், கதிர் வந்த பின் எலி மருந்தைத் திரும்பியும் பார்க்காது. ஒரு வட்டையில் (வயல் வெளியில்) எல்லோரும் ஒரே கிழமையில் வைக்காவிட்டால் பக்கத்து வயல் எலி வந்து குடியேறும். வரம்பு ஓரடிக்கு மேல் அகலமோ உயரமோ இல்லாவிட்டால் வளை தோண்டுவதும் குறையும்.

வைத்ததிலிருந்து இரண்டு கிழமைக்குத் தினமும் செத்த எலி தேடிப் புதையுங்கள். எலிக்காய்ச்சல் உள்ள மாவட்டங்கள் இவை, வெறுங்கையால் தூக்கவே கூடாது.

பிள்ளை கட்டியைக் கடித்திருந்தால், விளையாடிக்கொண்டிருந்தாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுப்பிக்காதீர்கள். எந்த மருந்து என்று வைத்தியருக்குத் தெரிய, மருந்துப் பெட்டி கையில் இருக்க வேண்டும். கறுப்பு சாம்பல் நிறத் தூளாக வருவது சிங்க் பொஸ்பைட். அது வயிற்றில் நச்சு வாயுவாகி சில மணித்தியாலங்களிலேயே தாக்கும், மெழுகுக் கட்டியின் நஞ்சுக்குக் கொடுக்கும் விற்றமின் கே அதற்கு மருந்தல்ல. பெயர் ஒட்டாத பொட்டலத்தை வாங்கவே வேண்டாம் என்று நாம் சொல்வது இதனால்தான்.

நாய் தின்றதைக் கண்டால் உடனே மிருக வைத்தியரிடம் போங்கள். முதல் இரண்டு, மூன்று மணித்தியாலத்துக்குள் வாந்தி எடுப்பிக்க வழியுண்டு. தாமதித்தால் விற்றமின் கே1 தேவை. வழக்கமான அளவு நாளொன்றுக்குக் கிலோ எடைக்கு 2.5 முதல் 5 மில்லிகிராம், கொழுப்புள்ள சாப்பாட்டுடன். கோழித் தீவனத்தில் சேரும் விற்றமின் கே3 இதற்கு உதவாது. கே1 பலிக்கவே பல மணித்தியாலம் ஆகும் என்பதால், இரத்தம் கசியும் நாய்க்கு வேறு நாயின் இரத்தமும் ஏற்ற வேண்டிவரலாம். இரண்டாம் நாளே நாய் வாலாட்டும். அதை நம்பி மாத்திரையை நிறுத்தினால் மறுபடி கசியும். மூன்று நான்கு கிழமை தொடர்ந்து கொடுத்து, கடைசி மாத்திரைக்கு 48 மணித்தியாலம் கழித்து இரத்தம் உறையும் நேரத்தைச் சோதிக்க வேண்டும். அது கூடியிருந்தால் மாத்திரையை மறுபடி தொடங்க வேண்டியதுதான்.