வாட்ஸ்அப் உரையாடல் நீதிமன்றத்தில் செல்லுபடியாக என்ன வேண்டும்?

மிரட்டல், பண மோசடி, பாலியல் தொந்தரவு என்று எந்தப் புகாரானாலும் இன்று கையில் இருக்கும் ஆதாரம் பெரும்பாலும் வாட்ஸ்அப் உரையாடல்தான். நாலைந்து ஸ்கிரீன்ஷாட்டை அச்செடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போகிறோம். புகார் கொடுக்க அது போதும். வழக்கு விசாரணைக்கு வரும்போதுதான் சிக்கல்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருப்பது பாரதிய சாட்சிய அதிநியம், 2023. பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு செய்த வேலையை இதில் 63-வது பிரிவு செய்கிறது. மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்தால், கூடவே ஒரு சான்றிதழும் வேண்டும். படிவம் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. 'அ' பகுதியை ஆதாரத்தைத் தாக்கல் செய்பவர் நிரப்ப வேண்டும். 'ஆ' பகுதியை நிபுணர். இரண்டிலும் ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி: உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும்.

சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல், அர்ஜுன் பண்டிட்ராவ் கோட்கர் வழக்கில் பழைய பிரிவை வைத்துத் தெளிவாகச் சொல்லிவிட்டது. மூலப் பதிவு இருக்கும் போனையே உரிமையாளர் சாட்சிக் கூண்டில் ஏறிக் காட்டினால் மட்டும் அது தேவையில்லை. சான்றிதழ் தரவேண்டியவர் மறுத்தால், தரும்படி உத்தரவிடக் கோரி நீதிமன்றத்தில் மனுப் போடலாம்.

சரி, அழித்த செய்தியை மீட்க முடியுமா? சில நேரம் முடியும். செய்திகள் போனுக்குள் ஒரு தரவுத்தளக் கோப்பில் இருக்கின்றன. ஒன்றை அழித்தால் அந்த இடம் 'காலி' என்று குறிக்கப்படுமே தவிர, எழுத்து உடனே போய்விடும் என்று சொல்ல முடியாது. புதிய தரவு அதன்மேல் எழுதப்பட்டால் போனதுதான். ஆகவே புகார் கொடுக்க நினைத்த நாளிலிருந்து அந்தப் போனில் எதையும் அழிக்காதீர்கள், செயலியை நீக்காதீர்கள், முக்கியமாக ஃபேக்டரி ரீசெட் செய்யாதீர்கள். ரீசெட்டில், தரவைப் பூட்டித் திறக்கும் குறியாக்கச் சாவியே அழிந்துவிடும். தடயவியல் ஆய்வகத்தாலும் ஒன்றும் செய்ய முடியாத நிலை அது. உங்கள் போனில் இல்லாதது எதிர்த்தரப்பின் போனிலோ கூகுள் டிரைவ், ஐகிளவுட் பேக்கப்பிலோ கிடைக்கலாம். வாட்ஸ்அப் நிறுவனத்திடம் கேட்டால் உரையாடலே வந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கக்கூடிய முழுக் குறியாக்கம் இருப்பதால் கணக்கு விவரம் போன்றவைதான் அங்கிருந்து வரும்.

போலீஸ் சோதனையிட்டுப் போனைக் கைப்பற்றினால், அதை வீடியோ எடுத்து, அந்தப் பதிவைத் தாமதமின்றி மாவட்ட நடுவர், கோட்ட நடுவர் அல்லது முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்கு அனுப்ப வேண்டும் என்கிறது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-வது பிரிவு. கைப்பற்றிய பொருள் பட்டியலில் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்) சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தொலைவிலிருந்து யாரும் அழித்துவிடாதபடி போனின் இணைப்பைத் துண்டிப்பதும் முதல் வேலை. இதில் கோட்டைவிட்டால் அப்புறம் எந்த நிபுணரும் உதவ முடியாது.

குற்றம் சாட்டப்பட்டவர் பாஸ்வேர்டைச் சொல்லியே ஆகவேண்டுமா என்பதில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. பாஸ்வேர்டைக் கொடுப்பது தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்வது ஆகாது என்றது கர்நாடக உயர் நீதிமன்றம், 2021-இல். 2023-இல் டெல்லி உயர் நீதிமன்றம், நீதிமன்றத்தில் வழக்கு விசாரணை நடக்கும்போது அப்படிக் கட்டாயப்படுத்த முடியாது என்றது.

ஆய்வு முடிந்தும் போன் திரும்பவில்லை என்றால், அதே சன்ஹிதாவின்கீழ் இடைக்கால ஒப்படைப்பு கோரி நடுவர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம்.