ஏழு நாள் கணக்கு மருந்துக்குத்தான், கிருமிக்கு இல்லை

பல்லடம் பக்கம் ஒரு கறிக்கோழிப் பண்ணை. கம்பெனிக்கு வளர்க்காமல் சொந்தமாக வளர்ப்பவர். 28 நாள் கோழிகளுக்குச் சளி, தினமும் பத்துப் பதினைந்து செத்துக்கொண்டிருந்தன. இரண்டை அறுத்துப் பார்த்தேன். இதயத்தின் மேலும் ஈரலின் மேலும் பாலாடை போல வெள்ளைப் படலம். ஈகோலை கிருமியின் வேலை. நான் போவதற்கு முன்பே, மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய எண்ரோஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைத் தண்ணீர்த் தொட்டியில் கலந்து மூன்று நாள் கொடுத்திருந்தார். சாவு குறையவில்லை.

ஈரலில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினேன். அங்கே கிருமியைத் தட்டில் பரப்பி, மருந்து தோய்த்த சின்னச் சின்னக் காகித வட்டங்களை மேலே வைப்பார்கள். மருந்துக்குக் கிருமி செத்தால், காகிதத்தைச் சுற்றித் தெளிவாக ஒரு வளையம் விழும். எண்ரோ வைத்த இடத்தில் வளையமே இல்லை, காகித விளிம்பு வரை கிருமி. டெட்ராசைக்ளின் என்ற இன்னொரு கிருமிக்கொல்லிக்கும் அதே கதி.

சொன்னதும் அவர் கேட்டார்: "மருந்த நிறுத்தி ஏழு நாள் கழிச்சுத்தானுங்க டாக்டர் கோழி புடிக்கிறோம். கறியில மருந்து இருக்காதில்லீங்க, அப்புறம் என்னங்க?"

கறி வாங்குபவர்களின் பயமும் இதே மருந்து மிச்சத்தைப் பற்றித்தான். அந்தக் காத்திருப்பு நாட்களில் கோழியின் உடம்பு மருந்தை வெளியேற்றிவிடும், அது உண்மை. ஆனால் மருந்து குடலுக்குள் என்ன செய்துவிட்டுப் போனது? சாகக்கூடிய கிருமிகள் செத்தன. சாகாதவை காலியான இடத்தில் பெருகின. அவை ஏழு நாளில் போய்விடாது. எச்சத்தில் இறங்கி, அடியில் போட்ட தேங்காய் நாரில் கலந்து, எருவாகத் தோட்டத்துக்குப் போகும். அறுக்கும்போது குடல் கிழிந்தால் கறியிலும் ஒட்டும். எண்ரோஃப்ளாக்சசின் கோழி உடம்பில் ஓரளவு சிப்ரோஃப்ளாக்சசினாகவே மாறுகிறது. நமக்குச் சிறுநீர்த் தொற்று வந்தால் டாக்டர் எழுதித் தருவாரே, அதே சிப்ரோ. ஒன்றுக்குப் பழகிய கிருமி இன்னொன்றுக்கும் அசையாது.

மருந்துக்குச் சாகாமல் நிற்கும் இந்த எதிர்ப்பை ஒரு கிருமி பக்கத்திலிருக்கும் வேறு இனக் கிருமிக்கும் கைமாற்றும். கொலிஸ்டின் அப்படித்தான் மாட்டியது. தீவிர சிகிச்சைப் பிரிவில், எதற்கும் அடங்காத கிருமிக்குக் கடைசியாக எடுக்கும் மருந்து அது. கோழியும் பன்றியும் எடை கூடுவதற்காக அதைத் தீவனத்தில் கலந்தார்கள். அதை முறிக்கும், கைமாறக்கூடிய மரபணுவைச் சீனப் பன்றிகளின் ஈகோலையில் கண்டதாக 2015 நவம்பரில் செய்தி வந்தது. இந்தியா 2019 ஜூலையில் உணவுக்கான கால்நடைகளுக்கு கொலிஸ்டினைத் தடை செய்தது.

எதிர்ப்புக் கிருமி முதலில் போய்ச் சேரும் இடங்களில் ஒன்று பண்ணைக்காரர் வீடு. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் லெவி 1976-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டுகிறது. அமெரிக்காவில் பாஸ்டன் அருகே ஒரு பண்ணையில், டெட்ராசைக்ளின் கலந்த தீவனம் தின்ற கோழிகளின் குடலில் ஒரே வாரத்தில் எதிர்ப்புக் கிருமிகள் நிறைந்தன. ஐந்தாறு மாதத்தில், அந்த மருந்தைத் தொடாத பண்ணைக் குடும்பத்தாரின் குடலிலும் அவை மிகுந்தன. இதைச் சொன்னபோதுதான் நம் பண்ணைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

சமையலறைக்கு வந்தால், நன்றாக வெந்த கறியில் இந்தக் கிருமி பிழைக்காது. பச்சைக் கறி வெட்டிய பலகையில் வெங்காயம் நறுக்குவதும், குழாயைத் திறந்துவிட்டுத் தெறிக்கத் தெறிக்கக் கழுவுவதும்தான் வம்பு.

சரி, அந்தப் பண்ணையில் சளி ஏன் வந்தது? பனிக்காலம். குளிருக்குப் பயந்து ராத்திரி முழுக்கக் கொட்டகையின் பக்கவாட்டுப் படுதாவை மூடியிருந்தார். கோழி தண்ணீர் குடிக்கும் நிப்பிள் ஒழுகி நார் ஈரம். உள்ளே நுழைந்ததும் எனக்குக் கண் எரிந்தது, அமோனியா. கிருமியை வெளியே தள்ளும் மூச்சுக்குழாயின் நுண்மயிர்களை அது கெடுத்துவிடும். அப்புறம் ஈகோலை தாராளமாக உள்ளே போகும். காற்று போக படுதாவின் மேல் விளிம்பை ஒரு அடி இறக்கி, ஈர நாரை அள்ளிப் போடச் சொன்னேன்.

"குளிர்ல செத்துடுமேங்க."

28 நாள் கோழிக்கு அந்தக் குளிர் ஒன்றும் செய்யாது என்றேன். அரை மனதோடு அரை அடி இறக்கினார்.

அடுத்த பேட்சில் லேசாகத் தும்மல் கேட்டதும், மருந்துக் கடைக்குப் போகாமல் எனக்கு போன் செய்தார். படுதா எவ்வளவு இறக்கியிருக்கிறது என்று கேட்டேன். "இருங்க டாக்டர், பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டார்.